புறக்கணிப்பு நாளில் ஒரு குறுக்கு விசாரணை

எனக்கு வாய் நீளம். இதை நான் சொல்லவில்லை, கோர்ட்டே எழுதி வைத்திருக்கிறது.

வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களுக்காகக் கிரிமினல் வழக்கு நடத்த, சட்ட உதவி மையத்தில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் நான். தனியாக வேறு வழக்கு எடுக்கக் கூடாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன், நாங்கள் யார் முன்னால் நிற்கிறோமோ அந்த நீதிபதியிடம் எங்களைப் பற்றி ஒரு குறிப்பு கேட்பார்கள். என்னைப் பற்றிய முதல் குறிப்பில், 'சட்ட அறிவு நன்று, தயாரிப்பு மிக நன்று, நீதிமன்றத்தில் நடத்தை: சற்று உரக்கப் பேசுகிறார்' என்று இருந்தது. அடுத்த முறை நீதிபதி வேறு ஆள். அதில் 'சற்று' காணாமல் போயிருந்தது. அதற்கடுத்ததில் 'திறமையானவர், ஆனால் நாவடக்கம் தேவை' என்று வந்தது. நாவடக்கம் உள்ள வக்கீலை வைத்துக்கொண்டு எதிரி என்ன செய்வான், ஊறுகாய் போடுவானா?

எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர். கோர்ட் பாஷையில் அப்படித்தான். என் பிழைப்பே எதிரிகளோடுதான்.

அந்த 'நாவடக்கம்' எதனால் வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜாமீன் மனுவில் நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது நீதிபதி மடியில் வைத்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, நீங்க போனை முடிச்சிட்டு சொல்லுங்க, அதுவரைக்கும் நான் உக்காந்துக்கறேன்" என்று சொல்லி, உட்கார்ந்தும் விட்டேன். ஜாமீன் கிடைத்தது. குறிப்பும் கிடைத்தது.

இந்தக் குறிப்புகளை எல்லாம் உரக்கப் படித்துக் காட்டிச் சிரிக்க எனக்கு ஒரு ஆள் இருந்தாள். ஒரே சீனியரிடம் இருவரும் ஜூனியராகச் சேர்ந்தோம். அவள் சிவில் பக்கம் போனாள், நான் கிரிமினல் பக்கம் வந்தேன். ஆனாலும் மத்தியானச் சாப்பாடு வழக்கறிஞர் சங்கத்தின் கூடத்தில், ஜன்னலோர மேஜையில், ஒன்றாகத்தான். அவளுக்குச் சர்க்கரை உண்டு. அதனால் கோர்ட்டில் யார் இனிப்பு கொடுத்தாலும் இரண்டாகப் பிய்த்து, பாதியை என்னிடம் நீட்டிவிடுவாள். எனக்கு வருவதையும் பாதிதான் தின்ன விடுவாள், "உனக்கும் வயசாவுது, ஞாபகம் வச்சிக்கோ" என்பாள். என் கழுத்துப் பட்டையைக்கூட அவள்தான் வைத்திருப்பாள். வக்கீல்கள் கழுத்தில் கட்டும் அந்த வெள்ளைப் பட்டையை எங்காவது கழற்றி வைத்துவிட்டுத் தொலைப்பது என் வழக்கம். இரண்டு பேருடையதையும் ஒரே பையில் போட்டு அவள் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாள். காலையில் கோர்ட் வாசலில் வாங்கிக் கட்டிக்கொள்வேன், சாயங்காலம் கழற்றிக் கொடுப்பேன்.

வீட்டில் எனக்கு யாரும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். காஞ்சிபுரத்தில், நெசவுக்காரத் தெருவில் வீடு. பக்கத்து வீட்டில் தறி ஓடும் சத்தம் நின்றால்தான் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். மற்றபடி என் பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாம் கோர்ட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேச ஆளில்லாமல் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தவள். முப்பதைத் தாண்டியிருக்கும். மாகறல் பக்கத்து ஊர், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். அம்மா செத்த பிறகு அண்ணனும் பேச்சை நிறுத்திவிட்டான். வைகாசி மாதம் கருட சேவை அன்று, வெளியூர்க் குடும்பம் ஒன்று அறையில் வைத்துவிட்டுப் போன தங்கச் சங்கிலியை எடுத்துவிட்டாள் என்று அவள்மேல் வழக்கு. சங்கிலி அவளிடமிருந்து எடுக்கப்படவில்லை, எங்கேயும் அகப்படவும் இல்லை. அவள் அறைக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்று லாட்ஜின் வரவேற்பு மேஜைக்காரர் சொன்ன ஒரே ஒரு சாட்சியத்தில்தான் வழக்கே நின்றது.

ஜாமீன் வாங்கினேன். ஆனால் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்று உத்தரவு. அண்ணன் வீட்டுக்கு நானே போனேன். "அவ எனக்கு தங்கச்சியே இல்லம்மா, நீங்க போங்க" என்று கதவைச் சாத்திவிட்டான். நிபந்தனையைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்டு ஒருவராக்கினேன். அந்த ஒருவரும் கிடைக்கவில்லை. ஓர் ஊர் முழுக்க ஒருத்திக்காகக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை என்றால் என்ன செய்வது? புழல் பெண்கள் சிறையிலேயே கிடந்தாள்.

காவலை நீட்டிக்கும் நாட்களில் அவள் கோர்ட்டில் உள்ள டிவி திரையில் வருவாள். பின்னால் பச்சைச் சுவர், முன்னால் அவள் முகம். நீதிபதி அடுத்த தேதி சொன்னதும் திரை அணைந்துவிடும். நான் புழலுக்கே போய்ப் பார்த்தபோது, "உங்களுக்கு வேற யாராவது சொந்தக்காரங்க, கூட வேலை பார்த்தவங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டேன்.

"யாரு மேடம் வரப் போறாங்க? நீங்கதான் வந்துக்கினு இருக்கீங்க" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டாள். வேலைக்காக நான் எத்தனையோ தடவை சிறைக்குப் போயிருக்கிறேன். உள்ளே இருப்பவர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அழக் கூடாது என்று குனிந்து பையில் எதையோ தேடினேன்.

விசாரணை ஆரம்பித்த பிறகு அந்த மேஜைக்காரர் வாய்தாவுக்கு வாய்தா வராமல் இழுத்தடித்தார். ஐப்பசியில் ஒருவழியாக வந்து சேர்வதாகத் தகவல் வந்தது. அவருக்கு வளைகுடா நாட்டில் வேலை கிடைத்து, அடுத்த வாரம் விமானம். அன்று அவரைக் குறுக்கு விசாரணை செய்தால் உண்டு. இல்லாவிட்டால் அவர் சொன்னது சொன்னபடி நின்றுவிடும், இவள் உள்ளேயே கிடப்பாள்.

அதே நாளில்தான் சங்கம் கோர்ட் புறக்கணிப்பு அறிவித்தது.

காரணம் நியாயமானது. எங்கள் வக்கீல் ஒருவரைக் காவல் நிலையத்தில் வைத்து அடித்திருந்தார்கள். தங்கமான மனிதர். அவர் கன்னம் வீங்கிக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கே ரத்தம் கொதித்தது. அன்று காலை நானும் பட்டை கட்டாமல்தான் கேட்டருகே நின்றேன், நானும்தான் கோஷம் போட்டேன். புறக்கணிப்பு நாளில் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நீதிபதி வந்து உட்காருவார், வக்கீல்கள் இல்லை என்பதால் எல்லா வழக்குக்கும் வேறு தேதி போட்டுவிட்டுப் போய்விடுவார். காலம் காலமாக அப்படித்தான். சாட்சியின் பயணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி மறுநாளே மனுப் போடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நாங்கள் கோஷம் போட்டுக்கொண்டிருக்கும்போதே புழலிலிருந்து போலீஸ் வேன் வந்தது. கம்பி வலைக்குப் பின்னால் அவள் முகம் தெரிந்தது. கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். சுற்றிலும் நிற்கும் கறுப்புக் கோட்டுகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

நாங்கள் மறந்தது ஒன்றுதான். நீதிபதி புதுசு. தெற்கத்தி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கேட்கிற ஆளில்லை. கொஞ்ச நேரத்தில் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி வெளியே வந்து, கூட்டத்துக்குள் புகுந்து என் காதருகே குனிந்தார்.

"மேடம், ஐயா உங்க கேஸுல சாட்சிய கூண்டுல ஏத்திட்டாரு. ஏ.பி.பி. கேட்டு முடிச்சிட்டாரு. குறுக்கு விசாரணை இல்லைன்னு எழுதப் போறாரு."

ஏ.பி.பி. என்பவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர். அவருக்குப் புறக்கணிப்பு கிடையாது.

பக்கத்தில் நின்ற தோழியிடம் கையை நீட்டி, "பட்டையைக் குடுடி" என்றேன்.

"எதுக்கு?"

"உள்ள போவணும். சாட்சிய ஏத்திட்டாங்க."

அவள் கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்போது சங்கத்தின் இணைச் செயலாளர். "உனக்கு என்ன பைத்தியமா? நீயே உள்ள போனா நாளைக்கு யாரு வெளிய நிப்பாங்க? அடி வாங்கினவரு அங்க நிக்கிறாரு பாரு. அவரு மூஞ்சியப் பார்த்துட்டுச் சொல்லு."

"அவரு வெளிய நிக்கிறாருடி. அவ உள்ள இருக்கா."

"அப்புறமா மனுப் போட்டு சாட்சியத் திரும்பக் கூப்புடு."

"துபாய்லேர்ந்தா?"

அவள் பையை விடவில்லை. நான் திரும்பி நடந்தேன். கோர்ட் வாசல்படியில் சங்கத்தின் துணைத் தலைவரும் இன்னும் சிலரும் கைகோத்து மறித்து நின்றார்கள். "மேடம், இன்னிக்கு யாரும் உள்ள போகக் கூடாது" என்றார் துணைத் தலைவர். என்னைவிட இளையவர், ஆனாலும் பதவி பதவிதானே. அப்போதுதான் என் வாய் வழக்கமான வேலையைக் காட்டியது.

"போராட வேணாம்னு நான் சொல்லலடா! நீங்க வெளிய நின்னு போராடுங்க. அவ ஏன்டா உள்ள கெடக்கணும்? வழிய விடுறா!"

சத்தம் கேட் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் திகைத்துப் போய்க் கையை எடுத்தார். நான் உள்ளே போனேன். பின்னால் யாரோ "கருங்காலி" என்றார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. குரல் தெரிந்த குரல்.

உள்ளே நாற்காலிகள் எல்லாம் காலி. கூண்டில் சாட்சி, பின்வரிசைச் சுவரோரம் இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவே அவள். நீதிபதி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பட்டை எங்கேம்மா?"

"வெளியே இருக்குது ஐயா."

"அது இல்லாம நான் உங்களைக் கேட்க முடியாதே."

உண்மைதான், விதி அப்படித்தான். பட்டை இல்லாவிட்டால் வக்கீல் அங்கே வக்கீலே இல்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும்போது, எதிர்ப்பக்கத்து ஏ.பி.பி. எழுந்தார். ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். வருஷக்கணக்காக ஒருவரை ஒருவர் எதிர்த்துக் கத்தியிருக்கிறோம். தன் வழக்குக் கட்டுக்குள் கையை விட்டு, இஸ்திரி போட்ட பட்டை ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "எப்பவும் ஒண்ணு உபரியா வச்சிருப்பேன்மா. கட்டிக்கோங்க" என்றார். அவர் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் அவர் சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்தேன்.

சாட்சி ஏற்கெனவே சொல்லியிருந்தது இதுதான்: லாட்ஜ் வாசலுக்குச் சாமி வந்த நேரம், சங்கிலிக்காரக் குடும்பம் கீழே இறங்கிச் சேவிக்கப் போயிருந்தது. அந்த நேரத்தில் தான் மேஜையில் உட்கார்ந்திருந்ததாகவும், எதிரி அந்த அறைக்குள் போனதையும் இடுப்பில் எதையோ சொருகிக்கொண்டு வெளியே வந்ததையும் பார்த்ததாகவும் சொல்லியிருந்தார்.

வெளியே அத்தனை கத்திய நான், உள்ளே குரலை உயர்த்தவே இல்லை. அவரிடம் வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவதுபோலப் பேசினேன்.

"நீங்க இந்த ஊருதானே?"

"ஆமாங்க மேடம். பொறந்து வளர்ந்தது எல்லாம் காஞ்சிபுரம்தான்."

"கருட சேவை பார்க்காம ஒரு வருஷமாவது விட்டிருக்கீங்களா?"

"அதெப்படி மேடம் விடுவோம்? எனக்கு நெனப்பு தெரிஞ்ச நாள்லேர்ந்து விட்டதே இல்ல."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷமும்தான்."

"எங்கேருந்து சேவிச்சீங்க?"

"எங்க லாட்ஜ் மொட்டை மாடியிலேர்ந்து மேடம். கீழ ஒரே கூட்டம். மேல நின்னா கருடன் மேல பெருமாளு முழுசா தெரிவாரு."

சொல்லும்போது கையைக்கூடக் கூப்பினார். ஏ.பி.பி. தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான், அவருக்குப் புரிந்துவிட்டது.

"சாமி உங்க லாட்ஜைத் தாண்டிப் போற வரைக்கும் மாடியிலயே இருந்தீங்களா, நடுவுல எறங்கி வந்துட்டீங்களா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இறங்கி வந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் டவாலி பார்த்துக்கொண்டிருக்கிறார், பெஞ்ச் கிளார்க் பார்த்துக்கொண்டிருக்கிறார், பெண் காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெருமாள் வாசலில் நிற்கும்போது முதுகைக் காட்டிவிட்டுப் படியிறங்கினேன் என்று காஞ்சிபுரத்தில் பிறந்தவன் காஞ்சிபுரத்து ஆட்கள் முன்னால் எப்படிச் சொல்வான்?

"சாமி வர்றப்போ யாரு மேடம் கீழ உக்காந்துக்கினு இருப்பாங்க? எல்லாரும் மேலதான் இருந்தோம்."

"எல்லாருமா?"

"இந்தம்மா மட்டும் வரல. அவங்க சர்ச்சுக்குப் போறவங்க. கீழ தொடச்சிக்கினு இருந்தாங்க."

"கீழ அவங்க மட்டும்தான் இருந்தாங்கன்னா, அவங்க ரூமுக்குள்ள போனதைப் பார்த்தது யாரு?"

நீதிபதி சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு, "இந்தக் கேள்விக்குச் சாட்சி பதில் சொல்லவில்லை" என்று தட்டச்சரிடம் சொன்னார். நான் உட்கார்ந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கு எதுவும் புரிந்த மாதிரி இல்லை. நான் நன்றாக இருக்கிறேனா என்பதுபோல என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து எனக்கான புறக்கணிப்பு ஆரம்பித்தது. சங்கத்தில் தீர்மானம் போட்டு என்னை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தீர்மானம் பெரிசில்லை, மனுஷர்கள்தான். ஜன்னலோர மேஜையில் போய் உட்கார்ந்தேன், பேச்சு நின்றது. "நல்லாருக்கீங்களா சார்" என்று ஒருவரைக் கேட்டேன், அவர் காலண்டரைப் பார்த்தார். தோழி சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள். என் பட்டையைப் பெஞ்ச் கிளார்க்கிடம் கொடுத்தனுப்பியிருந்தாள், துவைத்து மடித்து. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபத்தோடு தூக்கி எறிந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அப்புறம் நான் சட்ட உதவி மையத்து அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். டீக்கடைக்காரர் மட்டும் பாவம், என்ன நடந்தது என்று தெரியாமல், "ரெண்டு டீயா மேடம்?" என்று கொஞ்ச நாள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரும் ஒன்று என்று பழகிக்கொண்டார்.

புகார் மேலேயும் போனது. 'சக வழக்கறிஞர்களை ஒருமையில் ஏசினார், சங்கக் கட்டுப்பாட்டை மீறினார்' என்று இரண்டு குற்றச்சாட்டு. மையத்தின் பொறுப்பு நீதிபதி கூப்பிட்டு விசாரித்தார். "துணைத் தலைவரை 'டா' போட்டுப் பேசினீங்களா?" என்றார்.

"பேசினேன் ஐயா."

"தப்பில்லையா?"

"தப்புதான். அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன், எழுதியே தர்றேன். உள்ள போனதுக்குக் கேட்க மாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உங்க பேர்ல இருக்கிற குறிப்பெல்லாம் இப்பதான் படிச்சேன். சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்.

சங்கம் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி போன் செய்தாள். அவள் பெயரைத் திரையில் பார்த்ததும் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து எடுத்தேன்.

"ஒரு பேப்பர்ல ஸாரின்னு எழுதிக் குடுத்துடுடி. பொதுக்குழுவுல படிச்சுட்டு உன்னைத் திரும்பச் சேர்த்துப்பாங்க. நான் பேசிட்டேன்."

"எதுக்கு ஸாரின்னு எழுதட்டும்?"

"அன்னிக்கு உள்ள போனதுக்கு."

"அவளுக்கு நான் ஒருத்திதான்டி."

"எனக்கு?" என்றாள். "அன்னிக்கு உன்னை மறிச்சவங்க எல்லாரும் அப்புறம் என்னைத்தான் கேட்டாங்க, 'உங்க ஃப்ரெண்டுதானே மேடம்'னு. நான் என்ன பதில் சொல்றது? நீ மட்டும்தான் நியாயஸ்தி, நாங்கல்லாம் வேலையத்தவங்க, அப்படித்தானே?"

அப்படி இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "ஆமா, அப்படித்தான்" என்று வந்துவிட்டது. என் வாய் அப்படிப்பட்டது. போனை வைத்துவிட்டாள். அடுப்பில் வைத்திருந்த ரசம் சுண்டிப் போயிருந்தது. திரும்பக் கூப்பிட எத்தனையோ முறை எண்ணைத் தேடி எடுத்தேன். கூப்பிடவில்லை.

தை மாதம் தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, எதிரி விடுதலை. அந்த மேஜைக்காரரின் குறுக்கு விசாரணையைத்தான் நீதிபதி நெடுகச் சொல்லியிருந்தார். அதே வாரம் என் ஒப்பந்தத்துக்கான குறிப்பும் வந்தது. புது நீதிபதி, 'நீதிமன்றத்தில் நடத்தை: மிக நன்று' என்று எழுதியிருந்தார். என் வாழ்க்கையில் முதல் தடவை. கூடத்துப் பக்கம் நாலு எட்டு வைத்த பிறகுதான், அதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன் என்று உறைத்தது. திரும்பி வந்து பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விடுதலையாகிச் சில நாள் கழித்து அவள் கோர்ட்டுக்கு வந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, துவைத்த புடவை. ஏனாத்தூரில் கல்லூரி மாணவிகள் தங்கும் விடுதி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம். கையில் ஒரு டப்பா நிறைய பாதுஷா. விடுதலையானவர்கள் இனிப்பு கொண்டுவருவது எங்கள் கோர்ட்டில் வழக்கம்தான். நான் என் அறை வாசலில் நின்றிருந்தேன். "வாம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள், "இருங்க மேடம், மொதல்ல அவங்களுக்குக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று நேரே எதிரிலிருந்த சங்கத்துக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

"ஏம்மா, அங்க வேணாம்" என்று கூப்பிட்டேன். அவள் காதில் விழவில்லை. என்னால் உள்ளே போக முடியாது. வராந்தாவைக் கடந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேஜை மேஜையாகப் போனாள். "எங்க மேடம் கேஸு சார், வுட்டுட்டாங்க, எடுத்துக்கங்க" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி அவளைப் பார்த்தார்கள். அவள்மேல் யாருக்கு என்ன கோபம்? துணைத் தலைவர் எழுந்து நின்று, "நல்லா இருமா" என்று எடுத்துக்கொண்டார். அன்று அடிபட்டவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எந்த ஊரும்மா?" என்று விசாரித்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜன்னலோர மேஜையில் என் தோழி இருந்தாள். ஒரு பாதுஷாவை எடுத்தாள். எடுத்த கையோடு இரண்டாகப் பிய்த்தாள், பழக்கதோஷம். பாதி பிடித்த இடது கை எங்கள் மேஜையில் நான் உட்காரும் பக்கம் கொஞ்சம் நீண்டு, அப்படியே நின்றது. தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். நான் ஓரடி முன்னால் வந்தேன். அவள் இரண்டு பாதியையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். சர்க்கரைக்காரி, முழுதாகத் தின்றாள்.

அந்தப் பெண் டப்பாவோடு வெளியே ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எல்லாரும் எடுத்துக்கினாங்க மேடம்! அன்னிக்கு வேன்லேர்ந்து பார்த்தேனே, கேட்டாண்ட உங்ககூட நின்னுக்கினு சத்தம் போட்டாங்களே, அவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. அன்னிக்கே நெனச்சிக்கினேன், நம்மளுக்காக இத்தினி பேரு வந்துருக்காங்களேன்னு." கடைசியாக இருந்த ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "எனக்கு வெளிய வந்துட்டேன்னு சொல்லிக்கக்கூட ஒரு ஆளு இல்ல மேடம். உங்களுக்குத்தான் எத்தினி பேரு!"

"ஆமாம்மா, நெறைய பேரு" என்றேன்.

முழு பாதுஷா ஒன்றைத் தின்று எத்தனை வருஷமாயிற்றோ. பாதிக்கு மேல் இறங்கவில்லை, திகட்டியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தின்று முடித்தேன்.